14 அடி உயர வீடு



தச்சுவேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கலாம். ஒரு முழு பிளைவுட் பலகை என்ன அளவு என்று கேட்டால் உடனே சொல்வார்கள். 8 அடி நீளம், 4 அடி அகலம். தாராவிக் கடையில் கேட்டாலும் இதே அளவுதான். லண்டன் கடையில் கேட்டாலும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்தப் பலகையில் கட்டில் செய்கிறார்கள். அலமாரி செய்கிறார்கள். கதவு செய்கிறார்கள்.

வீடே செய்ய முடியுமா?

முடியும் என்று லண்டனில் சிலர் செய்து காட்டினார்கள். 2011-ஆம் ஆண்டு அந்த வேலை தொடங்கியது. அலஸ்டேர் பார்வின் என்ற இளம் கட்டடக் கலைஞரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கினார்கள். அதற்கு விக்கிஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அது எப்படி என்று பார்ப்போம். முதலில் வீட்டைக் கணிப்பொறியில் வரைகிறார்கள். சுவர், தளம், கூரை எல்லாவற்றையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் 8-க்கு 4 பலகைக்குள் அடங்க வேண்டும். பிறகு பலகையை ஒரு இயந்திரத்தின் மேல் படுக்க வைக்கிறார்கள். துளை போடும் கருவியில் சுழலும் முனை இருக்கிறதல்லவா? அதுபோல இதிலும் ஒரு முனை சுழலும். கணிப்பொறி சொல்லும் பாதையில் அந்த முனை நகர்ந்து பலகையை அறுக்கும். நம் ஊர்க் கடைகளிலும் இந்த இயந்திரம் வந்துவிட்டது. கதவில் பூவேலை செய்யவும், ஜாலி வெட்டவும் பயன்படுத்துகிறார்கள். சி.என்.சி. மெஷின் என்பார்கள்.

வெட்டிய துண்டுகளுக்கு எண் போடுகிறார்கள். ஒரு துண்டில் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் அதற்கு ஏற்ற துளை இருக்கும். நாக்கைத் துளைக்குள் நுழைக்க வேண்டும். முதலில் செய்த வீடுகளில் அந்த இணைப்பை ஆப்பு அடித்து இறுக்கினார்கள். அடிக்கும் கொட்டாப்புளியைக்கூட அதே பலகையில்தான் வெட்டி எடுத்தார்கள். தரையில் வைத்து எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கோர்ப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து அதை நிமிர்த்துவார்கள். அடுத்த சட்டம், அதற்கு அடுத்த சட்டம். இப்படிச் சில நாட்களில் வீட்டின் கூடு நின்றுவிடும். பிறகு வெளியே மழை புகாத உறை போட வேண்டும். கம்பி, குழாய், சன்னல் எல்லாம் அதற்குப் பின்.

நம் தச்சர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாக்கும் துளையும் அவர்கள் பாட்டன் காலத்து வேலை. புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் வரைபடத்தை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. இணையத்தில் போட்டுவிட்டார்கள். யாரும் எடுக்கலாம். காசு தர வேண்டியதில்லை. தன் தேவைக்கு மாற்றலாம். மாற்றியதை மற்றவர்களுக்கும் தரலாம்.

ரவிக்கை தைக்கும் பெண்கள் காகிதத்தில் அளவு வெட்டி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டு வாங்கிப் போவாள். தன் உடம்புக்குத் தகுந்தபடி ஒரு விரல் கூட்டுவாள், ஒரு விரல் குறைப்பாள். அந்த மாதிரிதான் இது.

சரி, இந்தப் பலகை வீடு தாராவியில் நிற்குமா?

அப்படியே கொண்டுவந்து வைத்தால் கஷ்டம்தான். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று தாழ்வான இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் ஊறினால் சாதாரண பிளைவுட் உப்பிப் பிரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் மரைன் பிளை இருக்கிறது. அதன் விலை அதிகம். கரையான் பயம் வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய சந்துகளில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தகர வீடும் செங்கல் வீடும் சும்மா வந்துவிடவில்லை. மழையும் தீயும் பார்த்துத்தான் ஜனங்கள் அவற்றுக்கு மாறினார்கள்.

ஆனால் துண்டு துண்டாக வீடு கட்டுவது தாராவிக்குப் புதிது இல்லை. முதலில் மூங்கிலும் சாக்கும். கொஞ்சம் காசு சேர்ந்ததும் தகரம். பிறகு செங்கல். பிறகு மேலே ஒரு மாடி. மாடிக்கு வெளியே இரும்பு ஏணி. கீழே தையல் வேலை, மேலே குடும்பம். அல்லது கீழே குடும்பம், மேலே வாடகைக்கு. இடித்த கட்டடத்தின் கதவும் சன்னலும் இன்னொரு வீட்டில் ஏறும். வரைபடம் எதுவும் இருக்காது. மேஸ்திரியின் தலைக்குள்தான் எல்லாம் இருக்கும். வீட்டுக்காரரும் அவரும் நின்று பேசி முடிவு செய்வார்கள்.

அங்கே அளவைச் சொல்வது வீட்டில் வாழப் போகிறவர். இதைக் கவனிக்க வேண்டும். பலகையை இயந்திரம் வெட்டட்டும், ஆள் வெட்டட்டும். எத்தனை அடி வெட்டுவது என்று யார் சொல்கிறார்கள்?

லண்டனில் அந்தப் பலகை வீடு வருவதற்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன்பே மும்பையில் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் பைகுல்லாவில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள்.

அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் தமிழர். பெயர் ஜோக்கின் அற்புதம். 1946-இல் கோலார் தங்கவயலில் பிறந்தார். பிழைப்புக்காகப் பெங்களூர் போய்த் தச்சுவேலை செய்தார். 1960-களில் பம்பாய்க்கு வந்தார். தெருவில் படுத்தார். செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே தங்கினார். காலனியில் குப்பை மலையாகக் கிடந்தது. மாநகராட்சி அள்ளவில்லை. ஜோக்கின் காலனிப் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைத் தூக்கச் சொன்னார். ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். அதற்குப் பிறகு குப்பை அள்ள வந்தார்கள்!

அந்த ஜனதா காலனியில் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். பக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம். அதற்கு இடம் தேவை என்றார்கள். ஜோக்கினும் காலனிக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள், டில்லி வரை போனார்கள். 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனி இடிக்கப்பட்டது. ஜனங்களை டிராம்பேயில் சீட்டா கேம்ப் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கட்டிய வீடுகள் போயின. அதற்கு முன்பே ஜோக்கினும் மற்றவர்களும் குடிசைவாசிகளின் தேசிய சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள்.

1984-இல் ஷீலா படேலும் நண்பர்களும் ஸ்பார்க் என்ற அமைப்பை நிறுவினார்கள். அவர்கள் பைகுல்லா நடைபாதைப் பெண்களோடு வேலை செய்தார்கள். 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிழைக்கும் வழியும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது என்று கெடு வைத்தது. பெண்களுக்குப் பயம் வந்தது. கெடு முடிந்தால் எங்கே போவது?

அந்த ஆண்டு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 6,000 குடும்பங்கள். அதுவரை அவர்கள் எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை. 1986-இல் பெண்கள் சேர்ந்து மகிளா மிலன் என்ற சங்கம் வைத்தார்கள். தினமும் கொஞ்சம் சேமித்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வண்ணக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறம். பையைத் திறந்து பார்த்தால் எவ்வளவு சேமித்தோம் என்று தெரிந்துவிடும். கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது.

காசு சேர்ந்தால் எந்த மாதிரி வீடு கட்டுவது? இங்கேதான் வேடிக்கை. நடைபாதையில் அவர்களின் குடிசை சில அடி அகலம்தான். மாநகராட்சியின் திட்டங்களில் வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஊர் சுற்றிப் பார்த்தார்கள். குடிசைப் பகுதி, சால் வீடு, அடுக்குமாடி எல்லாம் பார்த்தார்கள். எது வசதி, எது வசதி இல்லை என்று பேசினார்கள். டேப் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் சேலையை விரித்து அளந்தார்கள். ஒரு சேலை சுமார் 18 அடி நீளம். அளவுகோலுக்கு என்ன குறை?

பிறகு மாதிரி வீடு செய்தார்கள். பொம்மை வீடு இல்லை. ஆள் உள்ளே போய் நிற்கும் முழு அளவு வீடு. மரச் சட்டம் நட்டார்கள். அதில் துணி கட்டிச் சுவர் ஆக்கினார்கள். 1980-களின் நடுவில் பைகுல்லாவில் அதைக் கண்காட்சியாக வைத்தார்கள். நடைபாதை ஜனங்கள் வந்தார்கள். அதிகாரிகளும் வந்தார்கள். எல்லோரும் உள்ளே நடந்து பார்த்தார்கள். இங்கே அடுப்பு. இங்கே பாத்திரம் கழுவும் இடம். இங்கே படுத்தால் கால் வாசலில் இடிக்கிறது, கொஞ்சம் தள்ளு. துணிச்சுவர்தானே? உடனே தள்ளலாம். செங்கல் வைத்த பிறகு தள்ள முடியுமா?

அந்த மாதிரி வீட்டில் பெண்கள் இரண்டு முடிவுகள் சொன்னார்கள். ஒன்று, கழிப்பறை வீட்டுக்குள் வேண்டாம். சில குடும்பங்களுக்கு ஒன்றாக வெளியே இருக்கட்டும், அறையில் இடம் மிச்சம் என்றார்கள். இன்று கேட்டால் பலர் உள்ளேதான் வேண்டும் என்பார்கள். அது காலத்துக்குக் காலம் மாறும்.

இரண்டாவது முடிவுதான் பெரியது. கூரை 14 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஏன் 14? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி அகலம், 18 அடி நீளம் உள்ள அறை. பெருக்கினால் 180 சதுர அடி. சாதாரண அறையின் உயரம் 9 அடி. அதில் பரண் போட்டால் கீழே 6 அடி, மேலே 3 அடி. அந்தப் பரணில் பானை வைக்கலாம், மூட்டை வைக்கலாம். மனிதன் நிற்க முடியாது. அறை 14 அடி என்றால் கீழே 7 அடி. பரணின் கனம் போக மேலும் ஆறரை அடி. மேலே பிள்ளைகள் படிக்கலாம். மகனுக்குத் திருமணம் ஆனால் தனியே படுக்க ஒரு இடம். பாதி அறைக்குப் பரண் போட்டாலே இன்னும் 90 சதுர அடி கிடைக்கும். நிலம் ஒரு அடிகூடக் கூடவில்லை. வீடு மட்டும் 270 சதுர அடி ஆகிவிட்டது. பரணை முதலிலேயே கட்ட வேண்டும் என்பதும் இல்லை. காசு வந்தபோது கட்டிக்கொள்ளலாம்.

இந்த எண்ணம் தாராவிக்கும் வந்தது. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் தாராவிக்கும் ஒரு பங்கு. அந்தத் திட்டத்தின்போது தாராவியில் மார்க்கண்டேயா கூட்டுறவு வீட்டுச் சங்கம் உருவானது. 90-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவர்கள் கேட்டது 14 அடி உயரமும் பரணும். அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. விதிப் புத்தகத்தில் அப்படி வீடு இல்லை. அலைந்து அலைந்து, ஆண்டுகள் கழித்துத்தான் கட்டி முடித்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராஜீவ் இந்திரா சங்கத்தின் கட்டடமும் தாராவியில் பரண் வைத்த உயர அறைகளோடு எழுந்தது.

பரணின் தளத்துக்கும் மகிளா மிலன் பெண்கள் ஒரு வழி கற்றார்கள். சிறு சிமெண்ட் துண்டுகளை அச்சில் வார்த்துக் காய வைத்தார்கள். அதற்கு 'லாதி' என்று பெயர். வரிசையாக அடுக்கினால் தளம். பெரிய காங்கிரீட் போடும் செலவு இல்லை. லண்டன் பலகை வீட்டுக்காரர்கள் சொல்வதும் இதுதானே? சிறு துண்டுகளாகச் செய்யுங்கள். சாதாரண ஆட்கள் தூக்கிக் கோர்க்கட்டும்.

வரைபடத்தையும் பெண்கள் பூட்டி வைக்கவில்லை. 1991-இல் தென் ஆப்பிரிக்காவின் குடிசைவாசிகளோடு தொடர்பு ஏற்பட்டது. இங்கிருந்து அங்கே போனார்கள். அங்கிருந்து இங்கே வந்தார்கள். கணக்கெடுப்பு, சேமிப்பு, மாதிரி வீடு மூன்றையும் அவர்கள் கற்றுப் போனார்கள். தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிகள் சேர்ந்து ஓர் உலகச் சங்கம் வைத்தார்கள். ஜோக்கின் அதன் தலைவராகவும் இருந்தார். 2000-இல் அவருக்கு மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார்.

மரமோ, துணியோ, சிமெண்டோ, வீட்டின் துண்டுகளைச் செய்துவிடலாம். அதை எங்கே நிறுத்துவது? லண்டன் வரைபடத்தில் நிலம் இல்லை. வரைபடம் இலவசம், நிலம் இலவசம் இல்லை. ஜனதா காலனிக்காரர்களுக்குக் கட்டத் தெரியாமலா வீடு போனது? நிலம் அவர்கள் பெயரில் இல்லை, அதனால் போனது.

தாராவியில் இப்போதும் அதே பேச்சுதான். 2022-இல் தாராவியை மாற்றிக் கட்டும் டெண்டரை அதானி குழுமம் வென்றது. 2024 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. தகுதி உள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்றார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருப்பவர்களே இலவச வீட்டுக்குத் தகுதி என்பது விதி. பின்னால் வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே பணம் கட்டிப் பெறும் வீடு என்றார்கள். மாடியில் இருப்பவர் 30 ஆண்டுகள் அங்கே இருந்திருக்கலாம். ஏணி ஏறினார் என்பதற்காக அவர் வேறு கணக்கில் போகிறார். இது நியாயமா என்று தாராவியில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

350 சதுர அடி என்றால் எவ்வளவு? காகிதத்தில் பார்த்தால் தெரியாது. ஒரு சாக்கட்டி எடுங்கள். கோயில் முன்னாலோ பள்ளி மைதானத்திலோ 25 அடி நீளம், 14 அடி அகலம் கோடு போடுங்கள். அதுதான் 350. குடிசை மாற்று வீட்டின் அளவு ஒரு காலத்தில் 225-ஆக இருந்தது. அது 15-க்கு 15. பிறகு 269 ஆனது, பிறகு 300 ஆனது. கோட்டுக்குள் குளியலறையும் கழிப்பறையும் அடுப்படியும் வர வேண்டும். அவற்றுக்கும் கோடு போடுங்கள். பிறகு பாயை விரியுங்கள். தையல் மெஷினுக்கு இடம் விடுங்கள். இட்லிப் பானைக்கு இடம் விடுங்கள். எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

காகிதத்தில் 'கார்ப்பெட் ஏரியா' என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். அது சுவருக்குள் புழங்கும் இடம். 'பில்ட் அப்' என்றால் சுவரின் கனமும் அதில் சேரும். இரண்டும் ஒன்றில்லை. இன்னொன்றையும் தேடுங்கள். கூரை எத்தனை அடி உயரம்? சதுர அடியில் உயரம் வராது. யாரும் கேட்காவிட்டால் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

பைகுல்லாவில் மாதிரி வீடு நட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிலம் கேட்டு அவர்கள் அலைந்தார்கள். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். கடைசியில் மான்கூர்டில் இடம் கிடைத்தது. ஜோக்கினின் பழைய காலனி இருந்த பக்கம்தான் அது. 2000-க்குப் பிறகே அங்கே மிலன் நகர் கட்டி முடிந்து குடும்பங்கள் குடியேறின. துணிச்சுவர் வீட்டைப் பார்க்கத் தாயின் இடுப்பில் ஏறிவந்த குழந்தைகளுக்கு அதற்குள் கல்யாண வயது வந்துவிட்டது.